பெட்டகத்துக் கறுப்பு

துணி கறுத்துவிட்டது. அதைப் பார்த்துப் பரமலிங்கம் முதலில் சந்தோஷப்பட்டார்.

சவர்க்காரம் இல்லை, சோடா இல்லை. பச்சைத் தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்த பழைய வேட்டித் துண்டு ஒன்றுதான். அதற்கே இவ்வளவு அழுக்கு வருகிறது. "பாத்தீரோ" என்று கூப்பிட வாயெடுத்தவருக்கு, மனைவி மகாதேவி காலையிலேயே வண்டி கட்டிக்கொண்டு தொண்டைமானாற்றுச் சந்நிதி கோயிலுக்குப் போய்விட்டது நினைவுக்கு வந்தது. இன்னொரு முறை அழுத்தித் துடைத்தார். பிறகுதான் துணியை விட்டுப் பெட்டகத்தைப் பார்த்தார்.

துடைத்த இடம், தோல் சீவிய வத்தாளங்கிழங்கு மாதிரி வெளுத்துக் கிடந்தது.

உரும்பிராயில் அந்தப் பெட்டகத்தைத் தெரியாதவர்கள் குறைவு. மகாதேவியின் தாய்வழியில் சீதனத்தோடு சீதனமாக இறங்கி வந்தது. ஒல்லாந்தர் காலத்துத் தேக்கு, மூலைகளில் பித்தளைத் தகடு, அடியில் உருட்ட நாலு மரச் சில்லு. அறையின் ஒரு மூலையை அடைத்துக்கொண்டு கன்னங்கரேலென்று நிற்கும். அந்தக் கறுப்பைத்தான் பரமலிங்கம் அழுக்கு என்று தீர்மானித்திருந்தார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. மலாயா ரயில்வேயில் தலைமைக் கிளாக்கராக இருந்து, சண்டை முடிந்த பிறகு, போன மாசியில்தான் பென்சனோடு ஊர் வந்து சேர்ந்திருந்தார். பிள்ளைகள் இல்லை. கல்யாணம் முடித்த காலம் தொட்டு அவர் அங்கே, மனைவி இங்கே. லீவு கிடைத்தால் வருவார், லீவு முடிந்தால் போவார். யப்பான்காரன் மலாயாவைப் பிடித்த பிறகு லீவும் இல்லை, கடிதமும் இல்லை. இப்போது ஒரேயடியாக வந்துவிட்ட பிறகும் வீடு அவரை விருந்தாளியாகவே நடத்தியது. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு மகாதேவி, "சீனி காணுமோ?" என்று கேட்பாள். கட்டிய மனைவிக்கே தன் சீனிக் கணக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று அவருக்கு நெஞ்சுக்குள் வலிக்கும். தோட்டத்துக்குப் போய் மண்வெட்டியை எடுத்துப் பார்த்தார். கூலிக்கு நின்றவன் வெகு மரியாதையாக அதை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டான்.

இந்த வீட்டுக்குத் தன் கையால் ஒரு காரியம் ஆக வேண்டும், அதைப் பார்த்து மகாதேவி, இவர் வந்தது நல்லதாய்ப் போயிற்று என்று ஒருமுறை நினைக்க வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான்.

அவருக்குத் தெரிந்த ஒரே கைவேலை பழைய சாமான்களைத் துப்புரவாக்குவது. கோலாலம்பூரில் அவருடைய துரைக்குப் பழைய மேசை, கதிரை, மணிக்கூடு என்றால் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைகளில் துரைக்குக் கையுதவியாகப் போய்ப் போய் அந்த வித்தை இவருக்கும் பிடிபட்டிருந்தது. பழைய பொருளை நோயாளியைப் போலப் பார்க்க வேண்டும். இருக்கிற மருந்துகளில் ஆகப் பலவீனமானதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். வெறும் தண்ணீர், அதற்குக் கேட்காவிட்டால் சவர்க்காரத் தண்ணீர், அதற்கும் கேட்காவிட்டால் ஒரு துளி வினாகிரி. எதையும் கண்ணுக்குத் தெரியாத மூலையில் பரீட்சித்துப் பார்த்த பிறகே முகப்பில் கை வைக்க வேண்டும். இதையெல்லாம் அவர் மகாதேவிக்கு விளக்கியபோது, அவள் கையில் புடைத்துக்கொண்டிருந்த சுளகு அப்படியே நின்றுவிட்டது.

"உதைச் சும்மா விடுங்கோ," என்றாள். "உதின்ரை வடிவே அந்தக் கறுப்புத்தான்."

"அது கறுப்பில்லை, ஊத்தை. நான் மெல்லத்தான் செய்வன். நீர் பயப்பிடாதையும்."

"வேறை ஏதும் இருந்தால் துடையுங்கோவன். கோடியிலை ஒரு பழைய உரல் கிடக்கு."

ஒல்லாந்தர் காலத்துப் பெட்டகத்தைத் துடைக்க வந்தவரை உரல் துடைக்கச் சொன்னது பரமலிங்கத்துக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. தாயின் ஞாபகத்தில் சொல்கிறாள், போகட்டும் என்று பொறுத்துக்கொண்டார். அவள் கோயிலுக்குப் போகும் நாளாகப் பார்த்துத் தொடங்கினால், வந்து பார்த்து அதிசயிப்பாள் என்பது அவர் போட்ட திட்டம்.

முறை தவறவில்லை. மூடியின் உட்புறத்தில் முதலில் பரீட்சித்தார். கறுப்பு ஒரு பொட்டும் வரவில்லை. முகப்பில் வைத்ததும் வந்தது. வெளிப்பக்கம்தானே இத்தனை காலமாக விளக்குப் புகையைக் குடித்தது என்று அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார். காரணங்களுக்கு அவரிடம் பஞ்சமே இல்லை. ரயில் ஏன் பிந்தியது என்று மேலிடத்துக்கு எழுதி எழுதியே தலை நரைத்தவர்.

இப்போது வெளுத்த இடத்துக்கும் ஒரு காரணம் கிடைத்தது. காய்ந்த மரம், எண்ணெய் கேட்கிறது. நல்லெண்ணெயை நாலு துளி பஞ்சில் தொட்டு மெல்லத் தடவினார். எண்ணெய் பட்டதும், சுற்றிலும் ஒழுங்காக இருந்த கறுப்பும் இளகி ஓடத் தொடங்கியது. அதைத் தடுக்கக் கீழே தடவினார். அங்கும் இளகியது. மத்தியானம் திரும்புவதற்குள் பெட்டகத்தின் முகம், அழுது மை கரைந்த நாட்டியக்காரியின் முகமாகிவிட்டது. சீமெந்து நிலத்தில் கறுப்புக் கோடுகள் வேறு.

வாசலில் வண்டில் மாட்டுச் சலங்கை கேட்டது. பரமலிங்கம் மலாயாவிலிருந்து கொண்டுவந்த கம்பளிப் போர்வையை எடுத்துப் பெட்டகத்தின் மேல் போட்டார். நிலத்துக் கோடுகளின் மேல் தானே ஏறி நின்றுகொண்டார்.

"மருந்து போட்டிருக்கு," என்றார் மனைவியிடம். "காத்துப் படக்கூடாது."

மகாதேவி திருநீற்றுச் சரையோடு அறை வாசலிலேயே நின்றாள். "துடைச்சனீங்களோ?"

"கொஞ்சம்."

"துடைச்சால் என்ன தெரியுது?"

"இப்ப ஒண்டும் சொல்லேலாது. ஊறவேணும்."

அவள் போர்வையைத் தூக்கிப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போனாள். அன்று இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. அவள் முகம் வாடியதைக் கண்டு பரமலிங்கம் நொறுங்கிப் போனார். தாய் தந்த ஒரே சொத்து. அதை ஒரு முழ வேட்டித் துணியால் அழித்தாயிற்று. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் குண்டு விழுந்தபோதுகூட அவருக்கு இவ்வளவு பயம் வந்ததில்லை.

அடுத்த நாள் படுத்தபடி யோசித்ததில் ஒரு வழி தெரிந்தது. பித்தளைத் தகடுகளைப் பளபளப்பாக்கிவிட்டால் பார்க்கிறவர்களின் கண் அங்கேயே நின்றுவிடும், மரத்துக்குப் போகாது. ஊரில் எல்லோரும் பித்தளைக்குப் பழப்புளியும் சாம்பலும் போட்டுத்தான் தேய்ப்பார்கள். புளி பித்தளையைத் தின்னும், சாம்பல் கீறும் என்பது துரையின் பாடம். ஆகவே மகாதேவி அயலுக்குப் போன சமயம் அரிசி கழுவிய தண்ணீரை எடுத்தார். கைக்குழந்தைக்குக்கூடப் பூசலாம், அவ்வளவு சாது. அதில் பஞ்சைத் தொட்டு ஒரு மூலைத் தகட்டை வருடினார்.

பஞ்சு மஞ்சளாயிற்று. தகடு வெள்ளையாயிற்று.

பரமலிங்கம் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். விரலால் தடவிப் பார்த்தார். பித்தளை போய், உள்ளே தகரம் தெரிந்தது. அரிசி கழுவிய தண்ணீரால் ஒல்லாந்தர் காலத்துப் பித்தளையைக் கரைத்த முதல் மனிதர் தானாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. வயது போன உலோகம், உள்ளுக்குள் உளுத்துப் போயிருந்திருக்கிறது, தன் கைதான் கடைசிக் கை என்று நினைத்தபோது கண் கலங்கியது. போர்வையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தமையன் பஞ்சலிங்கம் வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் வீடு. தம்பி மலாயா மருந்து போட்டுப் பெட்டகத்தைப் புதுப்பிக்கிறானாம், பார்க்க வேண்டுமாம். பரமலிங்கம் அறை வாசலில் கதிரையைப் போட்டுத் தானே வழியை அடைத்துக்கொண்டு, மருந்து ஊறுகிறது, பிறகு காட்டுகிறேன் என்று கதையை மாற்றினார். ஊர்க்கதை, மழை, புகையிலை விலை என்று அலைந்து, அது யப்பான்காரன் காலத்தில் வந்து நின்றது.

பஞ்சலிங்கம் தலையைச் சொறிந்தார். இதைத் தம்பியிடம் சொல்ல இவ்வளவு நாளும் கூச்சமாக இருந்ததாம். மலாயாவிலிருந்து யாருக்கும் ஒரு சொல் வராத அந்தக் காலத்தில், சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனவர்களோடு பரமலிங்கமும் போய்ச் செத்துவிட்டான் என்று ஊரில் கதை பரவியதாம். பிள்ளை இல்லாதவன், கடமையைத் தமையன்தானே செய்ய வேண்டும். அந்தியேட்டிச் சடங்குக்கு ஐயரிடம் நாள் கேட்டாராம். மகாதேவியின் தாலியைக் கழற்ற ஊர்ப் பெண்கள் வந்து நின்றார்களாம்.

பஞ்சலிங்கம் தம்பியை நினைத்து அழுதது உண்மைதான். பிள்ளையில்லாத தம்பியின் முதுசக் காணி தமையனிடம்தானே திரும்பி வரும் என்று, அழுகிற கண்ணாலேயே நடுவேலியைப் பார்த்ததும் உண்மைதான். மனிதர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யக்கூடியவர்கள்.

"அப்ப என்னெண்டு நிப்பாட்டினீங்கள், அண்ணை?" என்று கேட்டார் பரமலிங்கம்.

"நீ காசு அனுப்பினாய் எல்லே. தோணியிலை வருகுது எண்டு சொன்னவை. முதலிலை நான் நம்பேல்லை. பிறகு என்ரை கண்ணாலை பாத்தன். செத்தவன் காசு அனுப்புவானே? அதோடை ஐயரை மறிச்சுப்போட்டன்."

பரமலிங்கம் ஒரு சதமும் அனுப்பியதில்லை. அனுப்ப வழியும் இருந்ததில்லை. அந்தக் காலத்தில் அவரே மரவள்ளிக் கிழங்கு தின்றுதான் உயிரோடு இருந்தார். ஆனாலும் நான் அனுப்பவில்லை என்று தமையனிடம் சொல்ல நாக்கு வரவில்லை. சற்று யோசித்ததில் இதற்கும் ஒரு காரணம் கிடைத்தது. ரயில்வே இலாகா. துரைமார் தப்பி இந்தியாவுக்குப் போனவர்கள், தங்கள் ஊழியர்களின் குடும்பங்களை மறப்பார்களா? அங்கிருந்து ஏதோ ஒழுங்கு செய்திருக்கிறார்கள். தன் உயிரைக் காப்பாற்றியது இலாகாதான் என்று எண்ணி அவருக்குப் புல்லரித்தது. மகாதேவியிடம் விசாரிக்கலாம். ஆனால் பெட்டகம் போர்வைக்குள் கிடக்கும்வரை அவளிடம் எந்தக் கதையையும் தொடங்க அவருக்குத் தைரியம் இல்லை.

தமையன் போனதும் கடைசி வழியில் இறங்கினார். வெளுத்ததைத் திரும்பவும் கறுப்பாக்குவது.

தேயிலைச் சாயம் மரத்துக்கு ஆகாதது அல்ல என்று துரை சொல்லியிருந்தார். கட்டிச் சாயமாகக் காய்ச்சிப் பூசினார். மரம் நரியின் நிறத்துக்கு வந்தது. வீட்டில் தேயிலை முடிந்ததுதான் மிச்சம். மகாதேவி வெறும் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தாள். போர்வையைப் பார்த்தாள். அன்றைக்குக் கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்தாள், சீனி காணுமோ என்று கேட்கவில்லை.

சிரட்டைக்கரியை அரைத்து எண்ணெயில் குழைத்துப் பூசினார். கறுப்பு வந்தது. ஆனால் மணல் மணலாக, தோசைக்கல்லின் அடிப்பக்கம் போல வந்தது. நிழலில் அது காயவும் இல்லை. வெயில் படட்டும் என்று பெட்டகத்தைப் பின் விறாந்தைக்கு உருட்டினார். அந்த நாளில் நாலு ஆண்கள் சேர்ந்து அசைக்கும் பெட்டகம், இவர் ஒற்றைக் கையால் தள்ள வழுக்கிக்கொண்டு போனது. அழுக்குப் போனால் பாரம் குறையத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தச் சொரசொரப்பைத் தேய்த்தெடுக்க உப்புத்தாள் கூடாது. அது முரடு. கணவாய் ஓடுதான் ஆக மென்மையானது, தொட்டால் மாவாகும். குருநகரிலிருந்து மீன் கொண்டுவரும் லூர்த்தம்மாவிடம் வாசல் படலையில் வைத்து இரகசியமாகச் சொல்லிவிட்டிருந்தார். லூர்த்தம்மா அந்த வளவுக்கு வெகுகாலப் பழக்கம். வெள்ளி செவ்வாய் தவிர எந்த நாளும் கூடையோடு வருவாள்.

அவள் வீட்டின் பின்னால், கோடிப்பக்கத்தால் வந்து கூடையை இறக்கிவைத்து ஓடுகளை எடுத்த அதே நேரம், மகாதேவியும் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். போர்வை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. பெட்டகம் வெயிலில் நின்றது, பாதி நரி, பாதி கரி, மூலையில் வெள்ளைத் தகரம். பரமலிங்கத்தின் வேட்டி, கை, மூக்கு நுனி எல்லாம் கறுப்பு.

மறைக்க இனி ஒன்றும் இல்லை. அவர் கையிலிருந்த பஞ்சைக் கீழே போட்டார்.

"மகாதேவி, நான் உம்முடைய அம்மான்ரை பெட்டகத்தைப் பழுதாக்கிப்போட்டன். வெறும் தண்ணியாலைதான் துடைச்சனான். மெல்லத்தான் துடைச்சனான். என்ரை கையிலைதான் ஏதோ பிழை. இந்த வீட்டுக்கு ஒரு உதவியும் செய்யாதவன், வந்து இருந்ததையும் அழிச்சுப்போட்டன்."

மகாதேவி கீழே கிடந்த பஞ்சைக் குனிந்து எடுத்தாள்.

"நீங்களோ பழுதாக்கினது?" என்றாள்.

"ஓம். நான்தான்."

அவள் கிணற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. ஐயோ, அழவைத்துவிட்டேனே என்று பரமலிங்கம் தவித்தார். கிட்டப் போகவும் பயமாக இருந்தது, தள்ளி நிற்கவும் முடியவில்லை. கொஞ்சம் பொறுத்து அவள் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் இருந்தது. ஆனால் இவ்வளவு நாளும் காணாத ஒரு வெளிச்சம் முகத்தில் தெரிந்தது. சேலைத் தலைப்பால் அவர் மூக்கு நுனியைத் துடைத்துவிட்டாள்.

"மரம்தானே," என்றாள். "நீங்கள் உயிரோடை வந்து சேந்ததே எனக்குக் காணும். ஆனால் ஒண்டு. இனி இந்த வீட்டிலை ஒரு சாமானையும் துடைக்கக் கூடாது. குத்துவிளக்கைத் தொடவே கூடாது."

"தொடமாட்டன்."

"சத்தியமோ?"

"சந்நிதியான் ஆணை."

அவள் தேத்தண்ணி போட உள்ளே போனாள். தேயிலை முடிந்தது நினைவுக்கு வந்து, திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, வேலியால் அயல் வீட்டுக்குக் குரல் கொடுத்தாள்.

பரமலிங்கத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தான் இந்த வீட்டு மனிதன்தான் என்று முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது. இவ்வளவையும் கூடைக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருந்த லூர்த்தம்மாவைப் படலை வரைக்கும் கொண்டுபோய் விட்டார். மனைவியின் பெருந்தன்மையை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேறொருத்தி என்றால் ஊரைக் கூட்டியிருப்பாள், தலைமுறை தலைமுறையாக வந்த தேக்கை அழித்தவனை ஒரு சொல் சொல்லாமல் மன்னித்தாளே என்றார். இதற்கெல்லாம் தான் கைம்மாறு செய்து முடியாது என்றார்.

லூர்த்தம்மா படலைக் கம்பைப் பிடித்தபடி அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். சும்மாடை எடுத்தாள், வைத்தாள்.

"அம்மா சொல்லமாட்டா. நான் சொன்னனெண்டும் சொல்லாதையுங்கோ," என்றாள். "நீங்கள் ஒண்டையும் அழிக்கேல்லை, ஐயா. உது மாமரத்திலை செய்த பெட்டகம். இடம் வெறுமையாக் கிடந்தால் உங்கடை தமையனார் கேட்பாரெண்டு, கறையான் அரிச்சதைத் திருத்தக் குடுக்கிறனெண்டு சொல்லி, எங்கடை பக்கத்துத் தச்சனைக் கொண்டு செய்விச்சு, மரத்துக்குக் கரியும் தகரத்துக்கு மஞ்சளும் பூசினது. அம்மான்ரை தேக்குப் பெட்டகம் வள்ளம் வைச்சிருக்கிற எங்கடை சம்மாட்டியார் வீட்டு விறாந்தையிலை நிக்குது."

பரமலிங்கம் படலையைப் பிடித்துக்கொண்டார். "வித்துப்போட்டாவோ? எனக்கு ஒரு சொல் சொல்லாமல், தாய் குடுத்ததை ஏன் வித்தவ?"

லூர்த்தம்மா கூடையைத் தூக்கித் தலையில் வைத்தாள்.

"உங்கடை தமையனார் உங்களுக்கு அந்தியேட்டிக்கு நாள் பாக்கப் பாக்க, 'இந்தாங்கோ அம்மா, ஐயா மலாயாவிலை இருந்து அனுப்பினது' எண்டு அவரின்ரை கண்ணுக்கு முன்னாலை நான் மாசாமாசம் மீன்கூடைக்குள்ளை இருந்து எடுத்துக் குடுத்த காசு, அந்தப் பெட்டகம்தான் ஐயா."